கடைசிப் பெட்டி

தலைகீழாகத் தொங்குவதற்கு வௌவாலே போதும், அதற்கொரு ரயில் எதற்கு என்பது என் கருத்து. இப்போது கட்டுகிற ரோலர் கோஸ்டர்களில் ஒன்று வளையம் போடுகிறது, இன்னொன்று குட்டிக்கரணம் அடிக்கிறது. ஏறி உட்கார்ந்தவுடன் தோளை அழுத்தி, தொடையை இறுக்கி, அம்மை குத்தப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்கிறார்கள். விழுந்துவிடுவோமோ என்று கொஞ்சமாவது நினைக்க விட்டால்தானே ஏறியதற்கு அர்த்தம்? இதைச் சொன்னால் என் மகள்கள் சிரிக்கிறார்கள். அறுபதைத் தொட்டவளுக்கு, அதுவும் வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளை ஓடாதே குதிக்காதே என்று அதட்டிய ஆசிரியைக்கு, இந்த விஷயத்தில் இவ்வளவு கருத்து எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

மகனைப் பார்க்க லண்டனுக்குப் போனபோதும் அப்படித்தான். அரண்மனை எங்கேயும் ஓடிவிடாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கடற்கரை ஊர் ஒன்றில் பழைய மர ரயில் இன்னும் ஓடுகிறதாமே, அதைக் காட்டு என்றேன். பாவம், குளிரில் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றான். நான் நான்கு முறை ஏறினேன். இரும்பில் செய்தது வழுக்கிக்கொண்டு போய்விடும். மரத்தில் செய்தது முனகும், ஆடும், உச்சிக்குப் போனதும் இறங்கலாமா வேண்டாமா என்று ஒரு மூச்சு நேரம் யோசிக்கும். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் மற்றதெல்லாம். உட்கார வேண்டியது கடைசிப் பெட்டியில். முன்னால் போகிறவர்களின் பாரமெல்லாம் சேர்ந்து கடைசியில் இருப்பவரைத்தான் உச்சியிலிருந்து பிடுங்கி எறியும். முன்பெட்டி கண்ணுக்கு, கடைசிப் பெட்டி வயிற்றுக்கு.

இதெல்லாம் என் சொந்த ஞானம் அல்ல, என் தாய்மாமனின் வேதம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மாமா மலாய் நாட்டில் செடெனாக் என்ற ஊரில் ரயில் பாதையைப் பழுதுபார்க்கும் ஆட்களில் ஒருவர். நீண்ட கைப்பிடி வைத்த சுத்தியலால் தண்டவாளத்து ஆணிகளைத் தட்டிக்கொண்டே மைல் கணக்கில் நடப்பது அவர் வேலை. தட்டினால் வருகிற சத்தத்தை வைத்தே எது உறுதி, எது தளர்ச்சி என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மைல் நடந்து எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருவார். கல்யாணம் ஆகவில்லை, கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் சிங்கப்பூர். அங்கே இருந்த கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு மாதம் ஒருமுறை போய், ஏறக்கூடியது எல்லாவற்றிலும் ஏறிவிட்டு வருவார். வந்து எங்களுக்குத் தீர்ப்பு வழங்குவார்.

“குதிர ராட்டினம் என்னா ராட்டினம்? சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வர்றதுக்கு எதுக்கு குதிர? நீங்கதான் தெனமும் பெரட்டுல நின்னுட்டு லயத்துக்கே திரும்பி வர்றீங்களே, அது பத்தாதா?”

பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, லயம் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடு. பெரிய ராட்டினத்தைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. புதிதாகக் கல்யாணமானவர்கள் மேலே போய்க் கையைப் பிடித்துக்கொள்வதற்கு அது சரி, மற்றபடி உறிப்பானை ஆடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்பார். அந்த வருஷம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி கப்பலில் மரமும் சக்கரமும் கொண்டுவந்து இறக்கி, பூங்காவை ஒட்டிய மைதானத்தில் தற்காலிகமாக மர ரயில் ஒன்றைக் கட்டியது. அதில் முதல் தடவை ஏறிவிட்டு வந்த ஞாயிறன்று மாமா சோறு சாப்பிடவில்லை. குச்சியால் செம்மண்ணில் மேடும் பள்ளமுமாகக் கோடு இழுத்து, இங்கே ஏறும், இங்கே யோசிக்கும், இங்கே விழும் என்று எங்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு எங்களையே ரயிலாக்கினார். ரப்பர் பாளங்களைப் புகைபோடும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு. பாக்குமட்டையில் எங்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து மேலே இழுத்துப் போவார். உச்சியில் நிறுத்திக்கொண்டு, “யோசிக்குது… யோசிக்குது…” என்பார். அதற்குள்ளேயே நாங்கள் கத்த ஆரம்பித்துவிடுவோம். கத்தாதவர்களுக்கு அடுத்த தடவை கிடையாது என்பது அவர் சட்டம். தூரத்திலிருந்து அம்மா என் பாவாடைக் கறையைப் பார்த்துவிட்டு, தண்டவாளத்தைத் தட்டித் தட்டி இவனுக்கு மூளையும் தளர்ந்துபோச்சு என்று திட்டுவாள். அம்மாவின் திட்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும். அப்படியொரு தொண்டை.

அந்த மழைக்காலத்தில்தான் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பதினோரு நாள் இருந்தான்.

அவன் போன அன்று லயத்துப் பெண்கள் வந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வேறு யாராவது செத்திருந்தால் தோட்டமே கேட்கும்படி ஒப்பாரி வைக்கிறவர்கள், அன்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பல் முளைக்காத பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது. அழுதால் அடுத்தது தங்காது. இதை எடுத்துச் சொன்னவர் பக்கத்து அறைப் பெரியம்மா. எங்கள் வரிசையில் அவர் வைத்ததுதான் சட்டம். “மனச அடக்கும்மா, அடக்கிக்க” என்று அம்மாவின் முதுகில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். அப்பா அவனை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் ஓடைக்கரையில் வைத்துவிட்டு வந்தார். அங்கே ஏற்கெனவே நிறையச் சின்னக் கற்கள் நட்டிருக்கும். பிள்ளைகள் நாங்கள் விறகு பொறுக்கப் போகும்போது அவற்றை எண்ணி விளையாடுவோம். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வரும்.

லயம் என்றால் ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்து அறை. அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு உண்டு, ஆனால் அது ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் காற்று எல்லாருக்கும் பொது. மூன்றாம் அறையில் கருவாடு பொரித்தால் எட்டாம் அறையில் நாக்கு ஊறும். ஒருவர் இருமினால் பத்து வீட்டுக்கும் தெரியும். அப்படியொரு அறையில்தான் அம்மா பதினாறு நாள் படுத்திருந்துவிட்டு, பதினேழாம் நாள் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள்.

அம்மா அழவில்லை. சிரிக்கவும் இல்லை, அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் திட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு வயது எட்டு. நான் தெரிந்தே பாவாடையைக் கிழித்தேன், பானைத் தண்ணீரைக் கவிழ்த்தேன், ஒருநாள் சர்க்கரை டின்னில் மண்ணை அள்ளிப் போட்டேன். அம்மா சர்க்கரையைச் சலித்து மண்ணைக் கொட்டிவிட்டு டின்னை இருந்த இடத்திலேயே வைத்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று நான் பயந்ததுபோல் இன்றுவரை எந்த உச்சியிலும் பயந்ததில்லை.

மாமாவும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். ஒரு ஞாயிறு அம்மா கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து, கொதிகஞ்சி பாதத்தில் ஊற்றிவிட்டது. அம்மா காலை இழுக்கவில்லை. கொட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமாதான் ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றினார்.

“அக்கா, வலிக்கலையா?”

“வலிக்குது” என்றாள் அம்மா, மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

அதற்குப்பிறகு மாமா அன்று ராட்டினக் கதை எதுவும் சொல்லவில்லை. வெளியே அப்பாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “தட்டுனா சத்தம் போடுற ஆணிக்கு ஒன்னும் ஆகாது மச்சான். சத்தமே வராம இருக்கு பாருங்க, அதத்தான் ஒடனே கவனிக்கணும்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ரயில் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நான் விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது. வருகிற ஞாயிறு மாமா அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறார், துணைக்கு நானும் போகிறேன். அப்பா, “எப்படியாச்சும் சிரிக்க வச்சுக் கூட்டியாந்துரு மாப்ளே” என்றார். மாமா தலையைச் சொறிந்தாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

அந்த ஒரு வாரமும் நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மர ரயிலில் ஏறி அம்மா சிரிப்பாள். பிறகு பழையபடி என்னைத் திட்டுவாள். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு விடிந்தது கனவுபோல இருந்தது. ரயில் ஜன்னலில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பித் திரும்பி நின்றன. பிறகு அன்னாசித் தோட்டம், பிறகு கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துத் தென்னைகள், பிறகு மரமே இல்லாமல் வெறும் வெளிச்சம். ஜொகூர் பாருவைத் தாண்டி, கடலின்மேல் கல்லைக் கொட்டிப் போட்ட பாதையில் ரயில் மெல்ல ஊர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர். ரயில் நிற்கிறதா போகிறதா என்று தெரியவில்லை. கடல்தான் எங்களுக்கு அடியில் நகர்ந்து போவதாக நான் நினைத்தேன். அம்மா ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்திருந்தாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூங்காவுக்குள் நுழையும்போது மத்தியானம் திரும்பியிருந்தது. பகல் வெயிலிலேயே எங்கோ பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். சீனப் பெண்கள் வண்ணக் குடை பிடித்துப் போனார்கள். ஒரு சிங்கச் சிலை வாயிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் குதிரை ராட்டினத்தில் இடம் கிடைத்தது. நான் சுற்றி வரும்போதெல்லாம் அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். ஒவ்வொரு சுற்றிலும் கையை ஆட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் அவள் கொஞ்சம் தாமதமாகக் கையை ஆட்டினாள்.

மர ரயில் ஒரு பெரிய எலும்புக்கூடுபோல் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மாமா உடனே ஏற்றவில்லை. அடியில் போய்த் தூண்களை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். டிக்கெட் வாங்கும் சீனர் ஓடிவந்து என்ன பார்க்கிறாய் என்று மலாயில் அதட்டினார். “சாயா ஓராங் கெரெத்தாப்பி” என்றார் மாமா, நான் ரயில்காரன் என்று, ஏதோ கவர்னர் என்று சொல்வதுபோல. சீனர் என்ன நினைத்தாரோ, வழிவிட்டு நின்றார்.

அப்போதுதான் மாமா அந்தத் துரோகத்தைச் செய்தார். அம்மாவைக் கடைசிப் பெட்டியில் தனியாக உட்காரவைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு முன்பெட்டிக்கு நடந்தார். வருஷமெல்லாம் கடைசிப் பெட்டி, கடைசிப் பெட்டி என்று ஓதியவர்! நான் கையைக் காலை உதைத்தேன். அவர் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும் குனிந்து, “கம்பியப் புடிச்சுக்கக்கா. இங்க எல்லாரும் கத்துவாங்க. யாரும் யாரையும் திரும்பிப் பாக்க மாட்டாங்க” என்றார்.

சங்கிலி எங்களை இழுத்துக்கொண்டு ஏறியது. மரம் முனகியது. கீழே பாண்டு வாத்தியம் சின்னதாகிக்கொண்டே போய் நின்றேவிட்டது. தகரக் கூரைகள் தெரிந்தன, பிறகு துறைமுகம், பிறகு அசையாமல் நின்ற கப்பல்கள். உச்சியில் சங்கிலி விட்டது. மாமா சொன்னது பொய்யில்லை, அது யோசித்தது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அந்த நொடியில் சந்தோஷமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, என் வயிறு மேலேயே தங்கிவிட்டது, நான் கத்தினேன், எல்லாரும் கத்தினார்கள்.

எல்லாருக்கும் பின்னாலிருந்து இன்னொரு கத்தல் வந்தது. மற்றவர்களுடையது பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது சிரிப்பாக மாறியது. அது மாறவில்லை. மேட்டிலும் வந்தது, வளைவிலும் வந்தது, வண்டி நின்ற பிறகும் வந்தது. திட்டும்போது லயம் முழுக்கக் கேட்குமே, அதே தொண்டை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா கம்பியின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். டிக்கெட்காரர், “அலமாக்!” என்று பதறிக்கொண்டு அவளை இறக்க வந்தார். மாமா அவரைத் தடுத்து ஒரு விரலைக் காட்டினார். “சத்து லாகி.” இன்னொரு தடவை.

என்னை இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே நின்றார். அம்மா தனியாகப் போனாள். திரும்பி வந்தாள். மாமா மறுபடியும் விரலைக் காட்டினார். எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டி உச்சியில் தயங்கி நிற்கும், பிறகு அத்தனை குரலோடு சேர்ந்து அம்மாவின் குரலும் விழும். ஒருமுறை அதில் ‘ராசா’ என்று ஒரு சொல் கேட்டது. அப்படி யாரைக் கூப்பிடுகிறாள் என்று சுற்றிப் பார்த்தேன். நான் மாமாவின் தொடையில் குத்தினேன், கையைக் கடித்தேன், போதும் மாமா, இறக்கிவிடுங்க மாமா என்று அழுதேன். அவர் கடியை உதறக்கூட இல்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தண்டவாளத்தைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. கடித்தது வலிக்கிறது போல, நன்றாக வலிக்கட்டும் என்று நினைத்தேன்.

கடைசியில் அம்மா தானாக இறங்கி வந்தாள். முடி கலைந்து, முகம் வீங்கி, வேறு யாரோபோல் இருந்தாள். திரும்பும் ரயிலில் என்னை மடியில் போட்டுக்கொண்டாள். கடல் சிவப்பாக இருந்தது. என் பாவாடையில் பஞ்சுமிட்டாய் ஒட்டியிருப்பதைப் பார்த்து, “சனியனே, இத எப்படிடி தொவைக்கிறது?” என்றாள். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. பிறகு என் தலைமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் மாமாவை முறைத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது லயத்தில் எல்லா அறையிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோற்று நேரம். அப்பா வாசலிலேயே நின்றார். “சிரிச்சுச்சா?” என்று மாமாவைத்தான் கேட்டார்.

மாமா பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். வாரமெல்லாம் காத்திருந்த ஏமாற்றத்தை எல்லாம் சேர்த்துப் பெருங்குரலில் சொன்னேன். “இல்லப்பா! அம்மா அழுதாங்க! அந்த மர ரயில்ல ஏறி அழுதுகிட்டே இருந்தாங்க. எறக்கச் சொன்னா மாமா எறக்கல. திரும்பத் திரும்ப ஏத்தி விட்டாரு. சத்தம் போட்டு அழுதாங்கப்பா, தொண்டையே போயிருச்சு!”

பத்து அறையிலும் தட்டுச் சத்தம் நின்றது. தடுப்புக்கு மேலே இருந்த பொதுக்காற்றில் என் குரல் கடைசி அறை வரை போயிருக்கும். அம்மா தரையைப் பார்த்தாள். மாமாவின் முகம் வெளுத்தது. அப்பா உள்ளே போய், அம்மாவின் காலுக்கு வெந்நீர் போட அடுப்பை மூட்டினார். அவர் அடுப்பு மூட்டி நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது பெரியம்மா மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கப்போவதைக் கேட்கலாம் என்று நான் பாயில் படுத்துக்கொண்டு ஆவலோடு காத்திருந்தேன். மாமாவும் அன்றிரவு எங்கள் அறையிலேயே படுத்திருந்தார். பிறகு தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு சன்னமாக வரும் என்று எனக்குத் தெரியாது.

“தம்பி.”

“என்னங்கக்கா?” என்றார் மாமா.

“அந்த மர ரயிலு… இன்னும் எத்தன நாளைக்கு நிக்குமாம்?”

“ரெண்டு மாசம் இருக்கும்னு சொன்னாங்கக்கா.”

“எனக்கு வயசாயிருச்சு. என்னையெல்லாம் ஏத்துவானுங்களா?”

“ஏத்துவாங்கக்கா. நான் கடைசிப் பெட்டில எடம் புடிச்சுத் தர்றேன்.”

அதற்கும் அப்பாலிருந்து, நான்காவது அறையோ ஐந்தாவது அறையோ, இன்னொரு பெண் தொண்டையைக் கனைத்தாள். “அண்ணே, நானும் வரட்டா?” கொஞ்சநேரம் கழித்து வரிசையின் கோடியிலிருந்து ஒரு குரல், பிறகு இன்னொன்று. நான் விரல்விட்டு எண்ணினேன். எண்ணிக்கை தவறித் தவறிப் போயிற்று. ஏறினால் அழவைக்கும் ரயில் என்று நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியும், இந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூடப் புத்தி இல்லையே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.